பழைய எண், புதிய எண், மலர், இதழ்

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு வேர்ட் ஃபைலை அனுப்பிவிட்டு, "சித்தி, துணைநூற்பட்டியல் மட்டும்தான். உங்களுக்கு ஒரு மணி நேர வேலை. ஏபிஏல மாத்திக் குடுங்களேன்" என்று குரல்செய்தி போட்டாள். ஏபிஏ என்றால் அமெரிக்க உளவியல் சங்கம், ரெஃபரன்ஸ் எழுத அவர்கள் வகுத்த பாணி. ஃபைலைத் திறந்தால் 23 பக்கம், 212 பதிவுகள். அவளுடைய ஆய்வேடு தமிழ் இதழ்களில் வந்த நூல் மதிப்புரைகளைப் பற்றியது. ஆகவே பட்டியலில் புத்தகங்கள் கொஞ்சம்தான், மீதியெல்லாம் ஆய்விதழ், சிற்றிதழ், வார இதழ், நாளிதழ். அந்த ஒரு மணி நேர வேலை பங்குனி வரைக்கும் இழுத்தது.

என்னிடம் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் பதினான்கு வருஷம் எனக்கு இதுதான் வேலை. பல வெளிநாட்டு ஆய்விதழ்கள் அச்சுக்கும் இணையத்துக்கும் தயாராவது நம்ம ஊரில்தான் என்பது வெளியே பலருக்குத் தெரியாது. எங்கோ ஒரு பேராசிரியர் அனுப்பும் கட்டுரையின் கடைசியில் இருக்கும் எண்பது, நூறு ரெஃபரன்ஸ்களில் எங்கே காற்புள்ளி, எங்கே முக்காற்புள்ளி, எது சாய்வெழுத்து என்று பார்த்துச் சரிசெய்கிறவர் ராத்திரி ஷிஃப்டுக்கு வேன் ஏறி வந்த யாரோ ஒரு சென்னைக்காரராக இருக்கலாம். எதையாவது காணோம் என்றால் கட்டுரை ஆசிரியருக்கு ஒரு குவெரி போடுவோம்: தொகுதி எண் தரவும், பக்க எண் தரவும். பதினான்கு வருஷத்தில் நான் எத்தனை ஆயிரம் தடவை "தரவும்" என்று எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அந்த வேலையில் முதலில் பிடிபடுவது, ஒரே கட்டுரைக்கு இத்தனை வேஷமா என்பது. பன்னிரண்டாம் தொகுதி, மூன்றாம் எண், 45 முதல் 60 வரை பக்கங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏபிஏ பாணியில் 12(3), 45–60 என்று வரும், அதிலும் 12 சாய்ந்திருக்கும், அடைப்புக்குள் இருக்கும் 3 நிமிர்ந்திருக்கும். எம்எல்ஏ பாணியில் (நம்ம சட்டமன்ற உறுப்பினர் இல்லை, அமெரிக்க நவீன மொழிச் சங்கம்) தொகுதி, எண், பக்கம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதற்கான சுருக்கத்தைப் போட வேண்டும். சிகாகோ பாணியில் ஆண்டு அடைப்புக்குறிக்குள் போய் உட்காரும், அதன் பின்னால் முக்காற்புள்ளி, அப்புறம் பக்கம். இதையெல்லாம் யாரோ வேலையில்லாமல் உட்கார்ந்து யோசித்தது என்றுதான் முதல் வருஷம் நினைத்தேன். சிகாகோ கையேடு முதலில் வந்தது 1906-இல், ஏபிஏ விதிகள் முதலில் 1929-இல் ஒரு உளவியல் ஆய்விதழில் சில பக்கக் கட்டுரையாக வந்தன. நூறு வருஷமாக வளர்ந்துவந்த பழக்கம். அதன் காரணம் எனக்கு உறைத்தது, கிராஸ்ரெஃப் இணைப்பு வேலை செய்யாமல் போனபோதுதான். 2000-இல் ஆரம்பித்த அமைப்பு அது. ரெஃபரன்ஸில் இருக்கிற ஆசிரியர், இதழ், தொகுதி, பக்கம், ஆண்டு எல்லாவற்றையும் ஒப்பிட்டு அந்தக் கட்டுரையின் டிஓஐ எண்ணைக் கண்டுபிடிக்கும். 10 என்று தொடங்கும் அந்த எண் இருந்தால் இதழின் இணையதளமே இடம் மாறினாலும் கட்டுரையிடம் போய்ச் சேரலாம். நான் ஒரு தடவை தொகுதியையும் எண்ணையும் மாற்றிப் போட்டுவிட்டேன். இணைப்பு விழவில்லை. அத்தனை புள்ளியும் கோடும், போகவேண்டிய ஆளை வீட்டு வாசலில் கொண்டுபோய் விடத்தான்.

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கதவில் "புதிய எண் 12, பழைய எண் 31" என்று எழுதியிருக்கும், பக்கத்து வீட்டில் வெறும் 29 என்று இருக்கும், அது பழையதா புதியதா என்று சொல்ல ஆள் இருக்காது. தமிழ் இதழ்களின் ரெஃபரன்ஸ் முழுக்க இப்படித்தான் என்று அந்த ஃபைலைத் திறந்ததும் தெரிந்தது.

உதாரணத்துக்கு மலர். அவள் பட்டியலில் எண்பது இடத்திலாவது "மலர் 5" என்கிற மாதிரி இருந்தது. பெரும்பாலான தமிழ் இதழ்களில் மலர் என்றால் ஆண்டுத் தொகுதி, இதழ் என்றால் அந்த ஆண்டில் எத்தனையாவதாக வந்தது என்பது. "மலர் 5, இதழ் 3" என்றால் 5(3) என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடலாம். அப்படித்தான் மாற்றிக்கொண்டே வந்தேன். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தமிழ்ப்பொழில் வந்ததும் மாட்டிக்கொண்டேன். அங்கே தொகுதிக்குப் பெயர் துணர். துணர் என்றால் பூங்கொத்து, அந்தக் கொத்தில் ஒவ்வொரு மாத இதழும் ஒரு மலர். அழகான யோசனைதான், ஆனால் இங்கே மலர் என்பது இதழ் எண். அக்கா மகள் சில இடத்தில் துணரை விட்டுவிட்டு மலரை மட்டும் எழுதியிருந்தாள். அதை நான் தொகுதி என்று எடுத்துக்கொண்டு இருபது பதிவைக் கெடுத்திருந்தேன். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் செந்தமிழில் தொகுதி, பகுதி. தீபாவளி மலர், பொங்கல் மலர், ஆண்டு மலர் என்பவை இந்தக் கணக்கிலேயே வராத தனிச் சிறப்பிதழ்கள். இதழ் என்ற சொல்லோ பத்திரிகைக்கும் பொருந்தும், அதன் ஒரு வெளியீட்டுக்கும் பொருந்தும். "அவ்விதழின் இதழ்" என்று ஒரு வாக்கியம் அவளே எழுதியிருந்தாள், படித்துவிட்டு இருவரும் சிரித்தோம்.

இதற்கு நான் எடுத்த முடிவு, நெறியாளருக்கு முதலில் பிடிக்கவில்லை என்றாலும், மொழிபெயர்க்காமல் விடுவது. 14(3) என்று சுருக்காமல் "துணர் 14, மலர் 3" என்று அந்த இதழ் தன்னை எப்படி அழைத்துக்கொண்டதோ அப்படியே போடுவது, பக்கத்தில் மாதமும் ஆண்டும் சேர்ப்பது. ஏபிஏ பாணிக்கு இது பொருந்தாது, தெரியும். ஆனால் நூலகத்தில் அட்டையைப் பார்த்துத் தேடப்போகிறவருக்கு அட்டையில் இருக்கிற சொல்தான் உதவும். பழைய எண்ணும் புதிய எண்ணும் இரண்டும் எழுதினால்தான் தபால்காரர் வருவார்.

இதழ் எண்ணை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம். பல வெளிநாட்டு ஆய்விதழ்களில் பக்க எண் ஒரு வருஷம் முழுக்கத் தொடர்ந்து ஓடும், மார்ச் இதழ் 96-இல் முடிந்தால் ஜூன் இதழ் 97-இல் தொடங்கும். தொகுதியும் பக்கமும் இருந்தால் கட்டுரை கிடைத்துவிடும். அதனால்தான் பழைய விதிகள் எண்ணை விட்டுவிடலாம் என்று சலுகை கொடுத்தன. நம் சிற்றிதழ்களில் பெரும்பாலும் ஒவ்வொரு இதழும் ஒன்றிலிருந்து ஆரம்பம். "மலர் 2, ப. 17" என்றால் அந்த வருஷத்தில் பன்னிரண்டு பதினேழாம் பக்கங்கள் இருக்கின்றன. இதில் இன்னொரு கொடுமை: நூலகத்துக்காக பைண்ட் பண்ணும்போது அட்டைகளையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்துவிட்டுத் தைத்துவிடுகிறார்கள். மாதமும் இதழ் எண்ணும் அட்டையில் மட்டும் அச்சாகியிருந்தால் போயிற்று. அப்படி ஒரு தொகுதியை வைத்துக்கொண்டு தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தோம், தொடர்கதையின் அத்தியாய எண்ணை வைத்து எது எந்த மாதம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா ஒற்றை ஆளாகச் சேர்த்த புத்தகங்களையும் இதழ்களையும் வைத்து 1994-இல் தொடங்கிய நூலகம் அது. அவர் அட்டையையும் நோட்டீஸையும் சேர்த்து வைத்தவர் என்பதால் அங்கே கிடைக்கிற பிரதிகளில் அட்டையோடு இருப்பவை இருக்கின்றன. அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது அப்படி ஒரு தனிப் பிரதிதான்.

தேதி விஷயம். பழைய இதழ்களில் ௵ குறியோடு தமிழ் ஆண்டும் மாதமும் மட்டும் இருக்கும். அறுபது வருஷச் சுற்று என்பதால் "துன்முகி" என்றால் 1896-ஆகவும் இருக்கலாம், 1956-ஆகவும் இருக்கலாம், 2016-ஆகவும் இருக்கலாம். இதழின் காலம் தெரிந்தால் எந்தச் சுற்று என்பது பிரச்சினையில்லை. மாட்டிவிடுவது மாதம்தான். சித்திரையில் தொடங்குகிற துன்முகி 1956 ஏப்ரலில் பிறக்கிறது. மார்கழியில் பாதி, தை, மாசி, பங்குனி எல்லாம் 1957-இல் விழும். அவள் பட்டியலில் துன்முகி என்று இருந்த எல்லாவற்றுக்கும் 1956 என்றே போட்டிருந்தாள். தை மாத இதழுக்கும். திருவள்ளுவர் ஆண்டு போட்ட இதழ்களில் 31-ஐக் கழித்தால் போதும், அது தையில் தொடங்குவதால் இந்தச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லை. நான் சொன்னது, தமிழ்த் தேதியை அப்படியே எழுதி, சதுர அடைப்புக்குள் ஆங்கில ஆண்டைப் போடு, சதுர அடைப்பு என்றாலே இது நான் கணக்குப் போட்டது, இதழில் அச்சானது இல்லை என்று படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

பெயர்கள். இங்கேதான் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. சொட்டீரோ மாதிரி ரெஃபரன்ஸ் சேர்த்து வைக்கும் மென்பொருளில் ஒரு ஆசிரியரைச் சேர்க்கப் போனால் குடும்பப் பெயர் ஒரு கட்டம், சொந்தப் பெயர் ஒரு கட்டம். மு. வரதராசனுக்கு ஏது குடும்பப் பெயர்? மு என்பது அப்பா பெயரின் முதலெழுத்து. இணையத்திலிருந்து ஒரே சொடுக்கில் இழுத்தால் சில சமயம் அப்பாவையே ஆசிரியராக்கிவிடும், முன்னெழுத்தை விரித்து எழுதுகிறவர்களுக்கு இது தினசரி அவஸ்தை. என் முன்னாள் அலுவலகத்தில் ஒரு தமிழரின் கட்டுரையை அவர் அப்பா பெயரில் பட்டியலிட்டு அச்சுக்கே அனுப்பியிருக்கிறோம். தமிழ்ப் பெயரை "வரதராசன், மு." என்று திருப்பி எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அகரவரிசையில் தேட வசதி. ஆனால் புதுமைப்பித்தனையும் கல்கியையும் உடைக்கக் கூடாது. சொட்டீரோவில் பெயர்க் கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தினால் இரண்டு கட்டம் ஒன்றாகிவிடும். புனைபெயரை அப்படியே ஒற்றைப் பெயராகப் போட்டுவிடலாம். மதிப்புரையில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதோ அதுதான் ஆசிரியர். இயற்பெயர் தெரிந்தால் அடைப்பில். வெறும் "ச. ர." என்று இருந்தால் "ச. ர." தான், யாரென்று ஊகித்து முழுப்பெயர் எழுதுவது வம்பு.

அகரவரிசையைப் பற்றி ரெண்டு வரி. யூனிகோடு எண் வரிசைப்படி அப்படியே அடுக்கினால் ந-வுக்கு அடுத்தே ன வந்துவிடும். கந்தசாமி, கன்னியப்பன், கம்பன் என்று பட்டியல் வரும். பள்ளிக்கூடத்தில் படித்த வரிசைப்படி கன்னியப்பன் கம்பனுக்குப் பின்னால்தான் வர வேண்டும். அவள் தேர்வுக்குழுவில் இதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு புலவர் இருந்தார், அதனால் கையாலேயே அடுக்கினோம்.

சாய்வெழுத்தும் அப்படித்தான். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வு என்பது நிமிர்ந்த எழுத்தைப் பிடித்துத் தள்ளியது. பார்க்கச் சகிக்காது. இதழ்ப் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டு, கட்டுரைத் தலைப்பை ஒற்றை மேற்கோளில் வைத்தோம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பற்றி ஏபிஏ அரை அத்தியாயம் பேசும், அது நமக்கு வேலையே இல்லை. தமிழுக்குக் கிடைத்த ஒரே சலுகை.

நாளிதழ்தான் கடைசி வரை படுத்தியது. நாளிதழுக்குத் தொகுதி எண் முதல் பக்கத்தில் அச்சாகியிருக்கும், யாரும் அதை எழுதுவதில்லை, எழுதத் தேவையும் இல்லை. நாள், மாதம், ஆண்டு முழுசாக வேண்டும். ஆய்விதழுக்கு ஆண்டு மட்டும் போதும் என்ற பழக்கத்தில் நாளிதழுக்கும் "(1998)" என்று போட்டு நிறுத்தியிருந்தாள். ஒரு வருஷத்தில் முந்நூற்றி அறுபத்துச் சொச்சம் பேப்பர். எந்த நாள் என்று யார் புரட்டுவது? அப்புறம் பெயர் மாற்றம். 2013-இல் "தி இந்து" என்று தமிழில் தொடங்கிய நாளிதழ் இப்போது "இந்து தமிழ் திசை". அன்றைக்கு முகப்பில் என்ன பெயர் இருந்ததோ அதுதான் எழுத வேண்டும், ஆனால் அப்படியே விட்டால் இங்கிலீஷ் பேப்பரோடு குழம்பிவிடும், அதனால் "தமிழ்" என்று அடைப்பில் ஒரு சொல் சேர்த்தோம். இணையதளத்தில் படித்ததற்குப் பக்க எண் கிடையாது, முகவரி மட்டும். இரண்டாயிரத்தின் ஆரம்பத்தில் ஒவ்வொரு பத்திரிகைத் தளமும் சொந்த எழுத்துரு வைத்திருந்தது நினைவிருக்கும். அந்தக் காலத்தில் நகலெடுத்து வைத்த தலைப்புகள் இன்றைக்கு வெறும் கிறுக்கல். நாலைந்து கட்டுரைகளை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடிப் பிடித்து, அந்தச் சேமிப்பின் முகவரியையே கொடுத்தோம்.

ஆய்வேட்டின் உள்ளே அடிக்குறிப்பில் அவள் செய்திருந்தது இன்னும் பெரிய கூத்து. நம் தமிழ்த் துறைகளில் "மேலது, ப. 23" என்று எழுதுவது வழக்கம், மேலே சொன்ன அதே நூல் என்று அர்த்தம். நெறியாளர் நடுவில் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லியிருக்கிறார், அதில் ஒரு புது அடிக்குறிப்பு நுழைந்திருக்கிறது. அதற்குக் கீழே இருந்த ஆறு மேலதும் சத்தமில்லாமல் வேறு ஆளைக் காட்டத் தொடங்கிவிட்டன. "எழுத்து" என்ற சிற்றிதழ் நாளிதழாகியிருந்தது. சிகாகோ கையேடே தன் 17-ஆம் பதிப்பில் இந்தப் பழக்கத்தைவிட ஆசிரியர் பெயரும் சுருக்கத் தலைப்பும் மேல் என்று சொல்லிவிட்டது. அத்தனை மேலதையும் எடுத்துவிட்டோம். நெறியாளர் "பக்கம் நீண்டுவிட்டதே" என்றார். நீளட்டும் சார் என்று நான் சொல்லவில்லை, அவள் சொன்னாள்.

கடைசியாக மிஞ்சியது ஒரு துண்டு. என் அப்பா, அவளுக்குத் தாத்தா, மதுரையில் இருந்தவர். பேப்பரில் பிடித்ததை வெட்டி ஒரு நீள நோட்டில் சோற்றுப் பருக்கையால் ஒட்டி வைப்பார். அதில் ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு மதிப்புரை. ஆய்வேட்டுக்கு அது முக்கியமாம், இரண்டு இடத்தில் மேற்கோள் காட்டியிருந்தாள். பேப்பர் எது என்று தெரியும், எங்கள் வீட்டில் வாங்கியது ஒன்றே ஒன்று. மூலையில் 6 என்று பக்க எண் இருந்தது. தேதி இல்லை. அப்பா தேதி எழுதுகிற ஆள் இல்லை. "தாத்தா நோட்டு, தேதி இல்லை" என்று பட்டியலில் போட்டிருந்தாள். நானாக இருந்தால் குவெரி போட்டிருப்பேன். அப்பாவுக்கு இப்போது எங்கே போய்க் குவெரி போடுவது.

துண்டின் ஓரம் ஒட்டாமல் எழும்பியிருந்தது. ஈரத்துணி வைத்துப் பொறுமையாக உரித்துத் திருப்பிப் பார்த்தோம். பின்பக்கம் விளையாட்டுச் செய்தி, பாதி வெட்டுப்பட்டது. "சேப்பாக்கத்தில் நேற்று" என்று தொடங்கி, ஆஸ்திரேலியாவோடு ஆடிய டெஸ்ட் சமனில் முடிந்த செய்தி. டிரா இல்லை, டை. டெஸ்ட் வரலாற்றில் அது இரண்டாவது தடவை. 1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. அன்றைக்கு நான் எட்டு வயசு, அப்பா ரேடியோவை விட்டு நகரவில்லை என்பது நன்றாக நினைவிருக்கிறது. அப்படியென்றால் பேப்பர் 23-ஆம் தேதி.

எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போனோம். 1896-இல் திறந்தது, 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல்களும் நாளிதழ்களும் வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. 23-ஆம் தேதி பேப்பரை எடுத்து 6-ஆம் பக்கத்தைத் திருப்பினால் மதிப்புரை இல்லை. அவள் முகம் தொங்கிவிட்டது. முழுக்கப் புரட்டியதில் 4-ஆம் பக்கத்தில் இருந்தது, அதே தலைப்பு, அதே வரிகள், பக்கத்தில் வேறு விளம்பரம். அங்கே இருந்தது சென்னைப் பதிப்பு, அப்பா வெட்டியது மதுரைப் பதிப்பு. பதிப்புக்குப் பதிப்பு செய்தி இடம் மாறும் என்பதால் நாளிதழுக்குப் பக்க எண்ணை விட்டுவிடலாம் என்று சிகாகோ சொல்வதை நான் பதினான்கு வருஷம் படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

"4 போடவா, 6 போடவா சித்தி?" என்றாள். ஆய்வேட்டில் சென்னைப் பதிப்பு, ப. 4 என்று போட்டோம், தேர்வாளர் போய்ப் பார்த்தால் அதுதான் கிடைக்கும். வீட்டுக்கு வந்து அப்பாவின் நோட்டில் அந்தத் துண்டுக்குக் கீழே பென்சிலால் மதுரைப் பதிப்பு, 23-9-1986, ப. 6 என்று எழுதினேன். நோட்டில் இன்னும் நூறு துண்டுகளாவது இருக்கும். அடுத்ததன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன், பின்பக்கம் ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரம், எந்த வருஷ ஆடி என்று போடாமல்.